எந்த ரூபாய்? நாமே எழுதிய கிளாஸும் தானாக நடக்கும் வகை மாற்றமும்

களியக்காவிளையில் எங்கள் பாட்டா கருப்பட்டி வியாபாரம் செய்தவர். அவருடைய கணக்குப் புத்தகம் ஒன்று அட்டை போய், ஓரம் செல்லரித்து, அலமாரி மேல்தட்டில் கிடந்தது. கோடை விடுமுறைக்கு வந்த அக்கா மகள் அதை எடுத்துத் தூசி தட்டினாள். பி.சி.ஏ. முதல் வருடம் படிக்கிறாள், பைத்தான் என்ற நிரல்மொழி அப்போதுதான் பிடிபட ஆரம்பித்திருந்தது. "இதை அப்படியே கம்ப்யூட்டர்ல ஏத்திக் கூட்டிப் பாப்போமா மாமா?" என்றாள். அரை மணி நேர வேலை என்றுதான் நானும் நினைத்தேன்.

முதல் பக்கத்தில் இருந்த ஒரு வரி இது:

1115 தை 12, கருப்பட்டி, ச.ரூ 2 ச 9 கா 4

ச.ரூ என்பது திருவிதாங்கூரின் சர்க்கார் ரூபாய், ச சக்கரம், கா காசு. 1115 என்பது கொல்லம் ஆண்டு. நம் கணக்கில் 1940 ஜனவரி. அப்போது நாங்கள் திருவிதாங்கூர்க்காரர்கள். 1956 நவம்பர் 1 அன்றுதான் இந்தப் பகுதி கன்னியாகுமரி மாவட்டமாகச் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. திருவிதாங்கூர் நாணயம் பத்துப் பத்தாக ஏறாது: 16 காசு ஒரு சக்கரம், 4 சக்கரம் ஒரு பணம், 7 பணம் ஒரு ரூபாய். அதாவது ரூபாய்க்கு 28 சக்கரம், 448 காசு. இதைப் புள்ளி வைத்த எண்ணாக எழுதிக் கூட்டினால் குளறுபடிதான். 3 சக்கரம் 8 காசோடு 1 சக்கரம் 12 காசைக் கூட்டினால் 5 சக்கரம் 4 காசு வர வேண்டும். 3.8 + 1.12 போட்டால் 4.92 என்று வரும். அதை வைத்துக்கொண்டு யாருக்கும் சம்பளம் கொடுக்க முடியாது.

ஆகவே சொந்தமாக ஒரு கிளாஸ், அதாவது நாமே வரையறுக்கும் ஒரு புது வகை, எழுதினோம். முதலில் அதற்குப் 'பணம்' என்று பெயர் வைத்தாள். பணம் என்பதே 4 சக்கரம் என்று ஒரு அளவாக இருக்கும்போது அந்தப் பெயர் பின்னால் காலை வாரும் என்று சொல்லித் 'தொகை' என்று மாற்றினோம். பைத்தானில் மாறிகளுக்கும் கிளாஸ்களுக்கும் தமிழிலேயே பெயர் வைக்கலாம், அது மூன்றாம் பதிப்பிலிருந்து வந்த வசதி. தொகைக்கு உள்ளே இருப்பது ஒரே ஒரு முழு எண்தான்: மொத்தம் எத்தனை காசு. வெளியே காட்டும்போது மட்டும் ரூபாய், சக்கரம், காசு என்று பிரித்துக் காட்டும்.

தொகை(சக்கரம்=3, காசு=8) + தொகை(சக்கரம்=1, காசு=12)

உள்ளே 56 காசும் 28 காசும் கூடி 84 காசு. வெளியே 5 சக்கரம் 4 காசு. கூட்டல் குறிக்கு என்ன அர்த்தம் என்பதைக் கிளாஸுக்குள் 'ஆட்' என்ற மெத்தடில் (கிளாஸுக்குள் எழுதும் செயலுக்கு அந்தப் பெயர்) எழுதி வைக்க வேண்டும், அதன் பெயருக்கு முன்னும் பின்னும் இரட்டை அடிக்கோடு வரும். இதுவரை சிக்கல் இல்லை. இரண்டு பக்கமும் தொகை.

அப்புறம் 'வரவு' என்று பெயர் வைத்த ஒரு தொகையோடு ஒரு கூலிக் கணக்கைச் சேர்க்க அவள் இப்படி எழுதினாள்:

வரவு + 5

எரர். "நமக்குத் தெரியுது, அதுக்குத் தெரியலையா?" என்று கேட்டாள். இந்தக் கட்டுரை அந்தக் கேள்விக்குத்தான்.

மொழி தானாகச் செய்யும் மாற்றம்

7 + 2.5 என்று எழுதினால் பைத்தான் முனகாமல் 9.5 என்கிறது. 7 முழு எண், 2.5 தசம எண், இரண்டும் வேறு வேறு வகை. இருந்தும் நாம் யாரையும் மாற்றச் சொல்லவில்லை. 7 தானாகவே 7.0 ஆகிவிடுகிறது. இப்படி ஒரு வகையிலிருந்து இன்னொரு வகைக்கு மொழியே ஓசைப்படாமல் மாற்றிக்கொள்வதைத்தான் டைப் கோயர்ஷன் என்கிறார்கள். தமிழில் தானியங்கி வகை மாற்றம் என்று வைத்துக்கொள்ளலாம்.

எண்களுக்கு இது நடக்கிறதென்றால் மொழியைச் செய்தவர்கள் முன்பே சொல்லி வைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். நேற்று நாம் எழுதிய தொகையைப் பற்றி அவர்கள் எங்கே சொல்லியிருக்கப் போகிறார்கள்? 5 என்பது 5 காசா, 5 சக்கரமா, 5 ரூபாயா என்று பைத்தானுக்கு எப்படித் தெரியும்? நாம்தான் சொல்லிக் கொடுக்க வேண்டும். எங்கே சொல்லிக் கொடுப்பது என்பது மொழிக்கு மொழி வேறுபடும். பைத்தானின் வழி கொஞ்சம் சுவாரசியமானது என்பதால் அதை மட்டும் நிறுத்தி நிதானமாகப் பார்க்கலாம்.

இடது பக்கம் வேண்டாம் என்றால் வலது பக்கம்

அ + ஆ என்று எழுதினால் பைத்தான் முதலில் இடது பக்கப் பொருளிடம் போகிறது. "உன் 'ஆட்' மெத்தடுக்கு இதைக் கூட்டத் தெரியுமா?" என்று கேட்கிறது. தெரிந்தால் அது விடையைத் தரும். தெரியாவிட்டால் 'நாட்-இம்ப்ளிமென்டட்' என்ற ஒரு தனி மதிப்பைத் திருப்பித் தர வேண்டும். அதைப் பார்த்ததும் பைத்தான் வலது பக்கப் பொருளிடம் போய், அதன் 'ஆர்-ஆட்' என்ற மெத்தடைக் கேட்கும். அதுவும் கையை விரித்தால்தான் எரர்.

7 + 2.5 கூட இதே வழியில்தான் போகிறது. முழு எண்ணின் 'ஆட்' மெத்தடுக்குத் தசமம் தெரியாது. அது நாட்-இம்ப்ளிமென்டட் என்று தள்ளிவிட, தசம எண்ணின் ஆர்-ஆட் வந்து கூட்டிக் கொடுக்கிறது. மொழியோடு வந்த எண்களுக்கு ஒரு சட்டம், நாம் எழுதிய கிளாஸுக்கு இன்னொரு சட்டம் என்று இல்லை. எனக்குப் பைத்தானில் பிடித்த விஷயங்களில் இது ஒன்று.

இங்கே புதிதாகப் படிக்கிறவர்கள் அடிக்கடி சறுக்குகிற ஓர் இடம் உண்டு. நாட்-இம்ப்ளிமென்டட் என்பது திருப்பித் தர வேண்டிய மதிப்பு. கிட்டத்தட்ட அதே பெயரில் ஓர் எரரும் இருக்கிறது. மதிப்பைத் திருப்பித் தருவதற்குப் பதிலாக அந்த எரரை எறிந்துவிட்டால் பேச்சு அங்கேயே முறிந்துவிடும். வலது பக்கத்துக்கு வாய்ப்பே கிடைக்காது. அக்கா மகளும் அதைத்தான் செய்திருந்தாள். ஒரு சொல்லின் வால் நீண்டு போனதைக் கண்டுபிடிக்க எங்களுக்குக் கால் மணி நேரம் ஆனது.

வரவு + 5 என்பதில் தொகை இடது பக்கம், நம் ஆட் மெத்தட் கூப்பிடப்படுகிறது. 5 + வரவு என்பதில் முழு எண் இடது பக்கம், அதற்குத் தொகை என்றால் என்னவென்றே தெரியாது, எனவே நம் ஆர்-ஆட் கூப்பிடப்படும். ஆட் மட்டும் எழுதிவிட்டு ஆர்-ஆட் எழுத மறந்தால் ஒரு திசையில் கூட்டும், மறு திசையில் எரர் வரும்.

சரி, 5 வந்தால் என்ன செய்வது? "சக்கரம்னு எடுத்துக்கலாம் மாமா, கூலி எல்லாம் சக்கரத்துலதான எழுதியிருக்கு" என்றாள். எழுதினோம். வரவு + 5 வேலை செய்தது. ஒரு பக்கம் முழுக்க அழகாகக் கூடியது. மூன்றாம் பக்கத்தில் 5 என்று அவள் தட்டியது 5 ரூபாயை. நிரல் அதை 5 சக்கரமாக எடுத்துக்கொண்டு ஒன்றும் பேசாமல் விடை சொன்னது. எரர் வந்திருந்தால் அன்றே தெரிந்திருக்கும். வராததால் இரண்டு நாள் கழித்து, பாட்டா பக்கத்தின் அடியில் எழுதியிருந்த மொத்தத்தோடு ஒத்துப் பார்க்கும்போதுதான் தெரிந்தது.

அந்த வரியை அழித்தோம். தொகையோடு வெறும் எண்ணைக் கூட்ட முடியாது என்று வைத்தோம். அழித்த உடனே வேறு ஓர் இடத்தில் இடித்தது.

பைத்தானில் ஒரு பட்டியலில் உள்ளதையெல்லாம் கூட்ட 'சம்' என்று ஒரு வசதி உண்டு. அது 0 என்ற எண்ணில் தொடங்கி ஒவ்வொன்றாகக் கூட்டிக்கொண்டு போகும். அதாவது முதல் வேலையே 0 + தொகை. அங்கேயே எரர். பலர் இதைச் சரிசெய்ய எல்லா எண்களையும் மறுபடி உள்ளே விட்டுவிடுவார்கள். தேவையில்லை. 0 காசும் 0 சக்கரமும் 0 ரூபாயும் ஒன்றுதான். எந்த அளவில் படித்தாலும் ஒரே பொருள் தருகிற எண் பூஜ்யம் மட்டுமே. ஆகவே ஆர்-ஆட்டில், வந்தது 0 என்றால் தொகையை அப்படியே திருப்பிக் கொடு, வேறு எண் என்றால் நாட்-இம்ப்ளிமென்டட் என்று எழுதினோம். சம் ஓடியது, 5 வெளியே நின்றது. சம்முக்குத் தொடக்க மதிப்பாகத் தொகை() என்று நாமே கொடுப்பது இன்னொரு வழி. எனக்கு இரண்டும் சரிதான்.

பெருக்கலுக்கு இந்தப் பாடெல்லாம் இல்லை. ஒரு சிப்பம் கருப்பட்டியின் விலையை 3 ஆல் பெருக்கினால் மூன்று சிப்பத்தின் விலை. அந்த 3 தொகையாக மாறவே வேண்டாம், அது 3 ஆகவே இருக்கலாம். தொகையைத் தொகையால் பெருக்குவதற்குத்தான் பொருள் கிடையாது.

சமக்குறி விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. தொகை(காசு=84) == 84 என்று கேட்டால், நாம் சமக்குறிக்கு எழுதிய மெத்தட் எண்ணைப் பார்த்து நாட்-இம்ப்ளிமென்டட் தந்தாலும் பைத்தான் எரர் தராது. இரண்டு பக்கமும் தெரியாது என்றால், இரண்டும் ஒரே பொருள்தானா என்று மட்டும் பார்த்துவிட்டு, இல்லை என்று சொல்லிவிடும். கூட்டலில் சத்தம் போடுகிற மொழி ஒப்பிடும்போது வாயை மூடிக்கொள்கிறது.

மற்ற மொழிகள் என்ன செய்கின்றன

சி++ மொழியில் நம் கிளாஸ் ஒரே ஓர் எண்ணை வாங்கிக்கொண்டு பிறக்கத் தெரிந்ததாக இருந்தால் போதும், அந்தப் பிறப்பு வழியையே (கன்ஸ்ட்ரக்டர் என்பார்கள்) கம்பைலர், அதாவது நிரலை இயந்திரத்துக்குப் புரியும்படி மாற்றித் தரும் மென்பொருள், வகை மாற்றும் வழியாகவும் எடுத்துக்கொள்ளும்.

தொகை கூலி = 5;

இது அங்கே செல்லும். அதுமட்டுமல்ல, தொகை ஒன்றை எதிர்பார்க்கிற எந்தச் செயலுக்கும் வெறும் 5 கொடுத்தால் போதும், நமக்குத் தெரியாமலே ஒரு தொகை உருவாகி உள்ளே போய்விடும். வேண்டாம் என்றால் அந்தக் கன்ஸ்ட்ரக்டருக்கு முன்னால் 'எக்ஸ்பிளிசிட்' என்ற சொல்லைப் போட வேண்டும். தானாக நடப்பது இயல்பு, தடுக்கத்தான் தனியாக எழுத வேண்டும் என்பது தலைகீழ் ஏற்பாடு என்பது என் அபிப்பிராயம். எக்ஸ்பிளிசிட் போட்டுப் பழகிவிட்டு, நிஜமாகவே தேவை வரும் இடத்தில் மட்டும் எடுத்துவிடுங்கள்.

சி++ இன்னொரு விதி வைத்திருக்கிறது, இது நல்ல விதி. நாம் எழுதிய மாற்றங்களில் தானாக ஒன்றுதான் நடக்கும். இரண்டைத் தொடுத்துக்கொண்டு போகாது. அதோடு, சமமான இரண்டு வழிகள் இருந்தால் எதையும் தேர்ந்தெடுக்காமல் கம்பைலர் அங்கேயே நிறுத்திவிடும்.

எண் தொகையாவது ஒரு திசை. தொகை எண்ணாவது எதிர்த் திசை, அதில் ஆபத்து அதிகம். சி++ல் ஒரு கிளாஸ் தன்னை உண்மை அல்லது பொய் என்று மாற்றிக்கொள்ள அனுமதித்தால், 'காசு இருக்கிறதா' என்று எளிதாகக் கேட்கலாம் என்பது ஆசை. ஆனால் அந்த மொழியில் உண்மை என்பது தேவைப்பட்டால் 1 ஆகிவிடும். 84 காசு வைத்திருக்கும் தொகையோடு, எண்ணைக் கூட்டும் வழி எழுதாமலே 5 ஐக் கூட்டினால், தொகை உண்மையாகி, உண்மை 1 ஆகி, விடை 6 என்று வரும். கம்பைலர் வாயே திறக்காது. 2011 ஆம் ஆண்டின் சி++ தரத்தில்தான் இந்தத் திசை மாற்றத்துக்கும் எக்ஸ்பிளிசிட் போடலாம் என்று வந்தது.

ஜாவாஸ்கிரிப்ட் இதில் இன்னும் தாராளம். ஒரு பொருளோடு 5 ஐக் கூட்டச் சொன்னால் முதலில் அதன் 'வேல்யூ-ஆஃப்' மெத்தடைக் கேட்கும். அதில் நாம் ஒன்றும் எழுதாவிட்டால் 'டு-ஸ்ட்ரிங்' போய், "[ஆப்ஜெக்ட் ஆப்ஜெக்ட்]5" என்று ஒரு சொற்றொடரை நீட்டும். வேல்யூ-ஆஃப் எழுதி 84 ஐத் தரச் சொன்னால் விடை 89. ஆனால் 89 என்ன? காசா, சக்கரமா? அளவு கழன்று விழுந்துவிட்டது, வெறும் எண் மட்டும் கையில்.

ரூபி ஒரு நடுவழி வைத்திருக்கிறது. 5 + வரவு என்றால் எண் தன்னால் முடியாதபோது வரவின் 'கோயர்ஸ்' மெத்தடைக் கூப்பிடும். அது இரண்டு பொருள்கள் உள்ள ஒரு பட்டியலைத் தர வேண்டும், இரண்டும் ஒன்றோடொன்று கூடக்கூடிய வகையாக. பைத்தான் 2லும் இதே பெயரில் ஒரு மெத்தட் இருந்தது. 2008ல் வந்த மூன்றாம் பதிப்பில் எடுத்துவிட்டார்கள்.

இரண்டு ரூபாய்

இனிதான் பாட்டாவின் புத்தகம் எங்களை நன்றாக ஆட்டிப் படைத்தது. எட்டாம் பக்கத்தில் 'பி.ரூ' என்று ஒரு வரி. "இது எந்த ரூவாயாக்கும்?" என்றாள்.

பிரிட்டிஷ் ரூபாய். ஆரல்வாய்மொழிக் கணவாயைத் தாண்டினால் திருநெல்வேலி ஜில்லா, பிரிட்டிஷ் இந்தியா. பாட்டா வள்ளியூர், பணகுடி வரை கருப்பட்டி கொண்டுபோனவர், அங்கே கையில் வருவது பிரிட்டிஷ் ரூபாய். திருவிதாங்கூரின் சர்க்கார் ரூபாய் 28 சக்கரம் என்றால், பிரிட்டிஷ் ரூபாய் 28 சக்கரம் 8 காசு. ஒன்று 448 காசு, மற்றொன்று 456. ரூபாய்க்கு 8 காசுதான் வித்தியாசம். 100 ரூபாய்க்கு அது 50 சக்கரம். கணக்கு சரியாகச் சந்திக்கும் இடம், 56 பிரிட்டிஷ் ரூபாய்க்கு 57 சர்க்கார் ரூபாய்.

பிரிட்டிஷ் ரூபாய்க்கு ஒரு கிளாஸ் எழுதி, அது தொகையோடு கூடும்போது தானாகத் தொகையாக மாறலாம் என்று விட்டோம். 5 க்கு மறுத்ததை இதற்கு மட்டும் ஏன் அனுமதிக்க வேண்டும்? ஒரு பிரிட்டிஷ் ரூபாய்க்கு 456 காசு என்ற ஒரே விடைதான் உண்டு, அதுவும் முழு எண். ஒன்றும் சிந்தாது, சிதறாது. வெறும் 5 க்கு மூன்று விடைகள் இருந்தன. இந்த வித்தியாசத்தைப் பிடித்துக்கொண்டால் மீதி எல்லாம் இலகு.

அப்படியே அணாவையும் உள்ளே விடப் பார்த்தாள். 16 அணா ஒரு பிரிட்டிஷ் ரூபாய். 456 ஐ 16 ஆல் வகுத்துப் பாருங்கள்: 28½. ஒரு அணாவுக்கு இருபத்தெட்டரைக் காசு. அரைக் காசுக்கு எங்கே போவது? 2 அணா என்றால் 57 காசு, சுத்தம். 1 அணாவோ 3 அணாவோ வந்தால் யாராவது அரைக் காசை விட்டுக்கொடுக்க வேண்டும். பாட்டா எந்தப் பக்கம் சாய்த்திருப்பார் என்று வீட்டில் எல்லோருக்கும் ஓர் ஊகம் உண்டு, ஆனால் அதை நிரல் தானாக முடிவு செய்யக் கூடாது. ஆகவே அணாவுக்குத் தானியங்கி மாற்றம் கொடுக்கவில்லை. மேலே ஏற்றவா, கீழே இறக்கவா என்று கூப்பிடுகிறவர் சொல்லியே ஆக வேண்டும்:

தொகை.அணாவிலிருந்து(3, மீதி="கீழே")

நீளம்தான். படிக்கிறவருக்கு எங்கே அரைக் காசு போனது என்று தெரியும்.

எதிர்த் திசையில், தொகையைப் பிரிட்டிஷ் ரூபாயாக மாற்றுவதற்கும் பெயர் சொல்லிக் கூப்பிடும் மெத்தட் மட்டும்தான் வைத்தோம். 84 காசு என்பது 456ல் ஒரு துண்டு, முழு ரூபாயாக வராது.

கடைசியாக 'ச' என்றோ 'பி' என்றோ முன்னால் இல்லாமல் வெறும் 'ரூ' என்று எழுதிய வரிகள். புத்தகம் முழுக்க ஒன்பது இருந்தன. அக்கா மகளின் நிரல் அந்த ஒன்பதிலும் நின்று, எரர் காட்டி, வரி எண்ணைச் சொன்னது. நாங்கள் ஒவ்வொன்றாகப் போய்ப் பார்த்தோம். பக்கத்தில் வள்ளியூர் என்று இருந்தால் பிரிட்டிஷ், தக்கலை என்று இருந்தால் சர்க்கார். எட்டு வரிகள் அப்படித் தீர்ந்தன. ஒன்பதாவது, 'ரூ 40 பாக்கி' என்று மட்டும். ஊர் இல்லை, ஆள் பெயர் இருந்த இடத்தைப் பூச்சி தின்றுவிட்டது. இரண்டு ரூபாய்க்கும் நடுவே 20 சக்கரம் வித்தியாசம்.

அக்காவிடம் காட்டினோம். கண்ணாடியைப் போட்டு, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "எந்த ரூவாயா இருந்தா என்ன மக்களே, வாங்கினவன் பேரன் யாருன்னு கண்டுபிடிச்சுச் சொல்லு, நான் போய்க் கேட்டு வாங்கிட்டு வாறேன்."